தள்ளித் தள்ளி வைத்த பட்டன்கள்

இன்று காலை ஒன்பது பத்துக்குச் செய்தி வந்தது: தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்காக நான் வடிவமைத்த போன் ஆப்பைத் தோட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்போது லுணுகலை பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. இருவருக்கும் ஒரே போன்.

"ஏய், அத அமுக்காத! போட்டோ அழிஞ்சிரும்."

"ரெண்டு பட்டனும் ஒட்டிக்கிட்டு கெடக்கு. என் வெரலு என்ன ஊசியா?"

"ஊசியா? மம்பட்டி!"

அவள் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். இருவரும் சிரித்தார்கள்.

என் மனைவியும் கொழுந்து பறித்தவள்தான். "பட்டன பெருசா, தள்ளித் தள்ளி வைங்க" என்றாள். வைத்தேன். ஆப் முடிவதற்குள் இறந்துவிட்டாள்.

முன் சீட்டுக்காரர்களின் போனில் இருந்தது மோசமான டிசைன்தான். ஆனால் தப்பாக அமுக்கினாய் என்று திட்ட அவனுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. வயிறு எரிந்தது.

வாழ்த்துச் சொல்லக் கூப்பிட வேண்டாம், இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள். ஆபிஸ் கம்ப்யூட்டரில் பார்க்கிறேன், போனை அணைத்துவிட்டேன்.