கோபுரத்து ராணிக்குத் துணை சேர்த்தார்கள்

மாயக்கதை எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. குறை சொல்ல மட்டும் ஊரே கூடி வந்துவிடும். கைபேசிச் செயலியில் தொடர்கதை எழுதிச் சீரழியும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது தெரியாததல்ல. ராசிபுரத்தில் இருந்துகொண்டு நான் எழுதிய தொடரில் ஒரு ராணி. சாபத்தால் யார் கண்ணுக்கும் தெரியாமல், நடுக்கடலில் ஒரு கோபுரத்தில் தன்னந்தனியாக இருப்பவள். அவளை உண்டாக்கிய பாவத்துக்கு நான் பட்டது இது.

கிளி

செயலியின் ஆசிரியருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. ஒருத்தியே இருந்தால் வசனம் எப்படி வரும் என்று போனில் கேட்டார். தனிமைதான் தம்பி கதையே, அதை எடுத்துவிட்டால் வெறும் உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேடம், ஒரு பேசற கிளியாவது போடுங்க. அப்புறம் இளவரசன் கண்டிப்பா வேணும்."

மழை

ஓர் அத்தியாயத்தில், சும்மா அழகுக்காகக் கோபுரத்தின் மேல் மழை பெய்ய வைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒரே வாழ்த்து மழை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார்கள். மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு திரும்புவார்கள். ஆகவே அந்த ஊர்ப் பெண்களுக்கு, கதையில் மழை வந்தால் புருஷன் வந்துவிட்டான் என்று அர்த்தம். ஆசிரியருக்குக் கேட்கவா வேண்டும், இளவரசனை இறக்க இதுதான் சமயம் என்று குதித்தார். ஒரு அம்மா எழுதியிருந்தார்:

"மழ பேஞ்சா ஊட்டுக்காரரு வந்தே ஆகோணுமுங்க, எங்கள ஏமாத்தாதீங்க!"

பூங்கொடி

அந்தக் கொண்டாட்டத்தில் சேராத ஒரே வாசகி பூங்கொடி. அவள் கணவரும் ரிக் டிரைவர்தான். பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பதுபோல ராணியை விசாரித்து எனக்கு அடிக்கடி போன் செய்வாள். பேச ஆளில்லாத வீட்டில், சமைத்ததையும் சாப்பிட்டதையும் ராணியிடம்தான் சொல்வாளாம். அந்தக் கோபுரத்துக்கு யாரையும் கொண்டுவந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இளவரசனை எழுத மறுத்தும் பார்த்தேன். வேறு ஆளை வைத்து எழுதி, என் பெயரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். நனைந்த குதிரையோடு இளவரசன் வந்திறங்கிய அன்றே பூங்கொடி கூப்பிட்டாள். நான் எழுதவில்லையம்மா என்றேன். அவள் காதில் அது ஏறவில்லை.

"எங்கூட்டுக்காரரு போன மழைக்கும் வரலீங்க, இந்த மழைக்கும் வரலீங்க. எனக்குன்னு இருந்த ஒருத்திக்கும் ஆளு வந்தாச்சு. இனி நான் யாருகிட்டங்க பேசறது?"

ராணியின் சாபம் நீங்கிவிட்டதென்று இன்னும் வாழ்த்து வருகிறது. அந்தச் சாபம் எந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.