கொம்பும் காலும்

எங்கள் ஆபீசில் அவளுக்குப் பேர் 'கொம்பு'. சேர்ந்த முதல் வாரமே மேனேஜர், "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கத்த, "ஆமா சார், ரெண்டு. எண்ணிப் பாக்கறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் எனக்கு மட்டும் கொம்பக்கா.

புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் பக்கம் வடிவமைப்பது எங்கள் கம்பெனியின் வேலை. ஃபைல்கள் பன்னிரண்டு சர்வர்களில் சிதறிக் கிடக்கும். பார்ப்பவருக்கு ஒரே ஃபோல்டராகத் தெரியும். அப்படிக் காட்டும் புரோகிராம் சர்வர் ரக கம்ப்யூட்டர்களில் மட்டுமே ஓடும். வடிவமைப்பாளர்களின் மேசையில் இருப்பதோ வேறு சிஸ்டம். அதிலும் ஓடும்படி மாற்றி எழுத அக்கா ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். சோதித்துப் பார்ப்பது என் வேலை.

வெள்ளோட்டம் விட்ட திங்கட்கிழமையே மானம் போனது. வடிவமைப்பாளர் ஒருவர் 'கோடை இதழ்' ஃபைலைத் திருத்திச் சேமித்தார். லிஸ்டில் இரண்டு 'கோடை இதழ்' நின்றன. ஒன்றில் திருத்தம் இருந்தது, மற்றதில் இல்லை.

மதியத்துக்குள் அக்கா பிடித்துவிட்டாள். 'கோ'வில் வரும் கொம்பையும் காலையும் சர்வர் ஒரே குறியாக வைத்திருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர் கொம்பைத் தனியாக, காலைத் தனியாகப் பிரித்துவிடுகிறது. நம் கண்ணுக்கு ஒரே பேர், மெஷினுக்கு இரண்டு. ஏழு மாதமும் நாங்கள் சோதனைக்கு வைத்த பேர்கள் எல்லாம் ஏ, பி, சி. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"தமிழ்ல பேசறோம், தமிழ்ல திட்டறோம். ஒரு ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வெச்சுப் பாக்கத் தோணலையே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மேனேஜருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "எல்லாப் பேரையும் இங்கிலீஷ்ல மாத்தச் சொல்லிடு. முடியாதுன்னா வெள்ளிக்கிழமையோட இதை மூட்டை கட்டிடலாம். கடைல ரெடியா விக்கறதை வாங்கிக்கறேன்."

"மாத்த முடியாது சார். தப்பு என் புரோகிராம்ல இருக்கு, பேர்ல இல்ல."

"வாய் ரொம்ப நீளுது."

"உங்க பேரே 'கோ'லதான் ஆரம்பிக்குது. மொதல்ல அதை மாத்துங்க, அப்புறம் மத்ததைப் பாக்கலாம்."

மொத்த ஆபீசும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏழு மாத உழைப்பு நாலு நாளில் குப்பைக்குப் போகலாம்.

அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. சர்வருக்குப் போகும் ஒவ்வொரு பேரையும் வாசலிலேயே நிறுத்தி, கொம்பையும் காலையும் ஒட்டி உள்ளே அனுப்பும்படி எழுதினாள். நான் பேர் வைத்துத் தள்ளினேன்: கொசு, கோணல், கொட்டாவி, கொழுப்பு. கடைசிப் பேரைப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள். "உனக்குத்தான்" என்றேன். வியாழக்கிழமை வரை ஏதாவது ஒன்று இரட்டையாகவே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரே வந்து உட்கார்ந்தார். யார் சொல்லையும் கேட்காமல் தன் பேரையே தமிழில் அடித்து ஒரு ஃபைல் போட்டார். திருத்தினார், சேமித்தார். மூன்று முறை. பிறகு சர்வர் லிஸ்டைத் திறந்தார்.

ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அக்கா குனிந்து கேட்டாள்: "இங்கிலீஷ்ல மாத்திடட்டுமா சார்?"

அவர் திரையிலிருந்த தன் பேரைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "அப்படியே இருக்கட்டும்."