கஞ்சிக் கரண்டியும் அக்காவின் பூசையும்

அக்கா அவர்கள் ஆண்டவரிடம் ஓய்வெடுக்கப் போய் ஓராண்டு நிறைகிறது. ஓய்வு என்றால் என்னவென்று அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இந்த நினைவு மலரில் எழுத உறவினர்கள் என்னைப் பிடித்ததற்குக் காரணம் என் பக்தி அல்ல. பிரசங்கம் தொடங்கியதும் உறங்கிவிடுகிறவன் நான். பேச்சு நிற்காதவனுக்கு எழுத்தும் நிற்காது என்று நம்பிவிட்டார்கள்.

அக்கா வெண்ணந்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். எங்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால், என்னை வளர்க்கும் தண்டனை அவருக்குக் கிடைத்தது. சேலத்தில் கொத்தனாராக இருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டபோது, பாத்திரம் பண்டங்களோடு என்னையும் கூட்டிப் போனார். கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் வீடு. கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று.

பிறகு மாமாவைப் பக்கவாதம் சாய்த்தது. பேச்சு போயிற்று, வாய்க்குச் சூடு தெரியாமலும் போயிற்று. ஒருமுறை கொதிக்கிற கஞ்சியை அப்படியே விழுங்கி நாக்கு வெந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு கரண்டியையும் தம் வாயில் வைத்துப் பார்த்துத்தான் ஊட்டுவார். கையில் ஊற்றிப் பார்க்கலாமே என்றால், அடுப்பிலும் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்ததிலும் காய்த்துப்போன கை அது, சூடு உறைக்காது.

அதில்தான் வந்தது வினை. அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை, ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்குவது. பூசையில் சாமியார் கொடுக்கும் சற்பிரசாத அப்பத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதை வாங்குகிறவருக்கு நடுச்சாமத்துக்குப் பிறகு எதுவும் பல்லில் படக்கூடாது என்ற காலம். மாமாவைப் பட்டினி போட்டுவிட்டுப் பூசைக்குப் போக மனம் வராது. விடியுமுன் எழுந்து, அவரைத் துடைத்து, கஞ்சி காய்ச்சி ஊட்ட உட்கார்ந்தால், கை தானாகக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விடும். விழுங்கிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வரும்.

"மறுபடியும் வாயில வெச்சுட்டியாக்கா?"

"ஆமாஞ் சாமி. கை முந்திக்குது, நெனப்பு பிந்திக்குது." என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"மாட்டுக்குப் போடற வாய்க்கூடு ஒண்ணு வாங்கியாறட்டா?"

"வாங்கியா. மொதல்ல உனக்குக் கட்டி உடறேன்."

நானே ஊட்டுகிறேன் என்று ஒருநாள் வீரமாக உட்கார்ந்தேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "உங்கையில உண்கறதுக்குப் பட்டினியே தேவலைங்கறாரு" என்று அக்கா சிரித்தார். அவர் சிரித்து அதற்குப் பிறகு வெகுநாள் நான் பார்க்கவில்லை.

கோயிலில் பெண்கள் வரிசை நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னுள்ள கிராதியை நோக்கி நகரும்போது, அக்கா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையிலேயே இருப்பார். "என்ன பாவம் செஞ்சாளோ, கிராதிப் பக்கமே போக மாட்டேங்கறா" என்று பின்னால் பேச்சு. இதற்கு விலக்கு உண்டா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார். பாவம், அவரும் களைத்த மனிதர். "விதி என் கையில் இல்லையம்மா" என்றார்.

ஒரு ஞாயிறு அக்கா கோயிலுக்குக் கிளம்பவேயில்லை. "சர்வேசுரன் என்னை வேண்டாம்னுட்டாராட்ட இருக்குது. எனக்கும் நடக்க முடியலை, சாமி" என்றார். கோபமில்லை, அழுகையில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமாவுக்கு ஊட்டத் தொடங்கினார். கரண்டி உதட்டில் இருக்கும்போது, பூசையில் சாமியார் நன்மையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்துக் கோபுர மணி அடித்தது. அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. கஞ்சி ஆறிப்போகும் அளவுக்கு நின்றது. பிறகு கட்டிலின் காலியான ஓரத்தைப் பார்த்து, "ஏனுங்க, செத்த அக்கட்டத் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஊட்டினார்.

தூக்கமில்லாமல் புத்தி கலங்கிவிட்டதென்று நினைத்தேன். "யாருக்கா அங்க?"

"ஆண்டவருதான். என்னையாட்டவே களைச்சுப்போயி வந்து உக்காந்தாப்புல இருந்துச்சு. ரொம்ப நாளா உக்காந்திருக்காராட்ட இருக்குது, நாந்தான் பாக்கலை."

அதன்பின் வீடு கூட்டும்போதும், மாமாவைப் புரட்டும்போதும், ஆண்டவரோடு பேச்சு நடந்துகொண்டே இருந்தது. "இந்தப் பக்கம் புடிங்க, கனமா இருக்குது" என்பார். கனம் குறையவில்லை, இடுப்பு வலி சாகும்வரை இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறே மறுபடி கோயிலுக்குப் போனார்; வரிசை நகரும்போது முக்காட்டை இழுத்துவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மாமா மறைந்த பிறகு வந்த ஞாயிறு, ஊட்ட ஆளில்லை. கிராதியில் மண்டியிட்டு நன்மை வாங்கினார். வெளியே வந்ததும் கேட்டேன்: "இத்தனை நாள் ஏங்குனதுக்கு இப்பத் திருப்திதானேக்கா?"

"சந்தோசந்தான். ஆனா புதுசா ஆரும் வந்தாப்புல இல்லை, சாமி. நம்மூட்டு ஆளுதான்."

கடைசி நாட்களில் அக்கா காய்ச்சலில் படுத்தார். ஒரு மத்தியானம், "நீ போயிச் சோறு உண்டுபோட்டு வா. எனக்குத் துணைக்கு ஆளிருக்குது" என்றார். அக்கா சொல்லி நான் தட்டாத ஒரே விஷயம் சோறு, போய் உண்டேன். திரும்பி வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. கட்டிலின் நடுவில் அல்ல, ஒருவருக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுத்திருந்தார்.

"கடைசியில் தனியாகவா போனார்?" என்று உறவினர்கள் நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள். இல்லை. வைத்தியம் பார்த்தவருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து அழுத உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் உண்ணப் போயிருந்தபோது அக்காவின் பக்கத்தில் இருந்தவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவரோடு பேச எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.