சுமைதாங்கிக்குப் பூசிய மஞ்சள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், கண்மாய்க் கரைத் திருப்பத்தில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. 'தானாகத் தோன்றிய அம்மன்' என்று வாசல் பளிங்கில் வெட்டியிருக்கிறார்கள். பொய். அந்த அம்மனைத் தோன்ற வைத்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு சுமைதாங்கிதான் இருந்தது. இரண்டு கல்லை ஊன்றி, மேலே ஒன்றைப் படுக்க வைத்து, ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு இப்படிக் கல் நாட்டுவது நம் வழக்கம். அவளால் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக.

பஞ்சாலையில் எனக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மைல்கல், மடைக்கல், கிணற்றுக்கல் என்று சாலையோரத்தில் எழுத்து எங்கே இருந்தாலும் நோட்டில் எடுத்துக்கொள்வேன். இந்தச் சுமைதாங்கியின் மேற்கல்லில், ஒரு முனையில், நான்கு வரி இருந்தது. இறந்தவள் பெயர், கல்லை நாட்டிய புருஷன் பெயர், ஊர், கொல்லம் ஆண்டு. மாதம் தேய்ந்திருந்தது. மாதம் தெரியாமல் ஆங்கில ஆண்டு சொல்ல முடியாது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், அதன் பிறகு 825.

நான் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு நடந்து போகிறவள்.

"அது எங்க பெரியம்மா சார். எங்கம்மாவுக்கு மூத்தவ. செத்த தள்ளிக்கிடுங்க, கூடைய வைக்கணும்."

எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டித் தூள் தடவுவது என் வழக்கம். இரண்டாவது முறை போனபோது அது தீர்ந்திருந்தது. எதிரே பெட்டிக்கடையில் மஞ்சள்தூள் வாங்கித் தேய்த்தேன். சாய்ந்த வெயிலில் மாதம் தெரிந்தது: மார்கழி. பாதி ஓர் ஆங்கில ஆண்டில், பாதி அடுத்ததில். நாள் குறிப்பிடவில்லை. இத்தனைக்குப் பிறகும் 824ஆ 825ஆ என்று தெரியவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கல்லைக் கழுவாமல் ஏறிவிட்டேன். அன்று ஆடி வெள்ளி.

அடுத்த வெள்ளி மஞ்சளின் மேல் குங்குமம் இருந்தது. அதற்கடுத்த வெள்ளி வேப்பிலையும் சிவப்புத் துணியும்.

"என்ன சார், எங்க பெரியம்மாவச் சாமியாக்கிட்டீக? உசுரோட இருக்கையில அவளுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல. இப்ப பொங்கலு வைக்காக!" என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயில் கமிட்டி வந்தது. ஊன்றிய கற்கள் இரண்டையும் பிடுங்கிப் படிக்கட்டாக்கினார்கள். மேற்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி முகம் வைத்தார்கள். எழுத்திருந்த முனையைத்தான் பீடத்துக்குள் இறக்கிச் சிமெண்டு ஊற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சிமெண்டு காய்ந்துவிட்டிருந்தது. கமிட்டித் தலைவர், ஒரு மரக்கடைக்காரர், அந்தப் பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கூடைய அங்கிட்டு வையி. வாசல்ல வைக்காத."

"இது நான் காலமெல்லாம் கூடை வச்ச கல்லுய்யா."

"கல்லா? வாயக் கழுவு மொதல்ல."

நோட்டை விரித்து அவரிடம் காட்டினேன். நான்கு வரியையும் வாசித்தேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மஞ்சப் பூசுனது நீங்கதான? எதுத்த பெட்டிக்கடைக்காரன் சொல்லிட்டான். அம்மனே உங்க கையப் பிடிச்சுப் பூச வச்சிருக்கா."

"எழுத்தைப் படிக்கப் பூசினேன்."

"அப்பக் கழுவிட்டுல்ல போயிருக்கணும்? எம்புட்டுப் படிச்சிருக்கீக!"

அந்த ஆள் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை என்பதால் ஆத்திரம் இன்னும் ஏறியது.

பெயரையாவது ஒரு மூலையில் வெட்டிவையுங்கள் என்று கேட்டேன். "செத்த பொம்பள பேரையா? தீட்டு சார்" என்றார். அந்தக் கோயிலில் ட்யூப்லைட்டின் மேல்கூட உபயம் என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறது. எந்தெந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டுமோ எல்லாவற்றுக்கும் எழுதினேன். கல் அவ்வளவு பழமையானதல்ல என்று ஒரே ஒரு பதில் வந்தது. ஒரு பெண் செத்தது கணக்கில் வர அவள் எத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் செத்திருக்க வேண்டும்?

கடைசியில் அந்தப் பெண்ணைத் தேடிப் போய், நான் எழுதப்போகும் புத்தகத்தில் பெரியம்மாவின் பெயரைப் போடுகிறேன் என்றேன். கூடையைத் தரையில் வைத்துவிட்டு, தூக்கிவிட ஆள் வருமா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறாள்.

"வேண்டாம் சார். புஸ்தகத்துல போட்டீகன்னா, அதான் அதுல இருக்கேம்பாக. கல்லுல வெட்டச் சொல்லுங்க. வெட்டுன பொறவு எழுதுங்க. இப்ப ஒரு கை பிடிங்க."

பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதனால்தான் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். வெட்டவில்லை.