அவருக்கென்று கருக்கிய காபிக்கொட்டை

பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்கொட்டை வறுத்தாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் எவனோ வறுப்பதைப் பார்த்துப் பார்த்து, கேஸ் அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே நான் தும்முவேன். வாசனை வந்ததும் எழுந்து போய் அவள் கதவைத் தட்டினேன்.

"இன்னாம்மா பண்றே?"

"காபி வறுக்கறேன் ஆன்ட்டி. நம்ம கல்வராயன் மலைக் கொட்டையாம். ஆன்லைன்ல வாங்கினேன். வாசனை எப்டி கீது?"

"தீயுது. நிறுத்து."

தீயவெல்லாம் இல்லை. கொட்டை இன்னும் பழுப்புக்கே வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது, அடுப்பை அணைத்துவிட்டாள். நான் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் வாய் அப்படி. அதைத் திருத்துகிற வயதும் போய்விட்டது. அவளிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் செத்ததில் என் வாணலிக்கும் பங்கு உண்டு.

கல்யாணமான புதிதில் நான் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போனேன். அவித்த நெல்லின் வாடை தலைமுடியில் ஏறினால் எவ்வளவு சீயக்காய் போட்டாலும் போகாது. அவர் பாயின் ஜீப்புக்கு டிரைவர். பாய் என்றால், கடைவீதியில் மளிகை மண்டி வைத்திருந்தவர். வெள்ளிமலைக்குச் சாமானும் ஆளும் ஏற்றிப்போக ஒரு ஜீப் வைத்திருந்தார். போகும்போது அரிசி, உப்பு. வரும்போது சாமை, புளி, பலாப்பழம். உள்ளே ஒருவர் மடியில் ஒருவர், பின்னால் தொங்குகிறவர்கள் தனி. மலையில் எத்தனை வளைவு இருக்கிறதோ, அத்தனையிலும் அந்த உயிர்கள் எல்லாம் என் வீட்டுக்காரர் கையில்.

மில்லில் என்னை "டிரைவரம்மா" என்று கூப்பிடுவார்கள். கேலிதான். எனக்கு அது கேலியாகப் படவில்லை. கூலிக்காரிக்குப் பிறந்த கூலிக்காரி நான், டிரைவர் பெண்டாட்டி ஆகிவிட்டேன். நெல் கூடையைத் தூக்கும்போதுகூட மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் தூக்குவேன். கிறுக்கச்சி.

வெள்ளிமலைப் பக்கம் சில வீடுகளின் பின்னால் நாலைந்து காபிச் செடி நிற்கும். பழம் பறித்துக் காயவைத்துத் தோல் நீக்கிய கொட்டையை அவர் துணிப்பையில் வாங்கி வருவார். பச்சைக் கொட்டைக்குக் காபி வாசனையே இருக்காது, நனைந்த சாக்கு மாதிரி இருக்கும். முதல் தடவை நான் அதை வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாமே, மாட்டுக்கு வெச்ச கழுநீரா?" என்றார். பிறகு அவரே மலையில் யாரிடமோ கேட்டுவந்து சொல்லிக்கொடுத்தார். பம்ப் ஸ்டவ்வில் இரும்பு வாணலி. கையை எடுக்காமல் கிளற வேண்டும். முதலில் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும். பிறகு பழுப்பாகும். பிறகு படபடவென்று வெடிக்கும். சவ்வுத் தோல் உதிர்ந்து காற்றில் பறக்கும், அதை ஊத வேண்டும். அந்த இடத்தில் இறக்கினால் நல்ல காபி. இன்னும் விட்டால் கொட்டை கறுத்து எண்ணெய் கசியும், வீடு முழுக்கப் புகை நிற்கும்.

அவருக்கு அந்தக் கறுத்த கொட்டைதான் வேண்டும். பொடிக்கக் கூடாது, முழுசாக. காலையில் ஒரு கைப்பிடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். மென்றுகொண்டே வண்டி ஓட்டினால் தூக்கம் வராதாம். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, "எங்க வூட்டுக்காரு காபிப் பைத்தியம்" என்று மில் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் போகவில்லை. வீட்டில் கொட்டை தீர்ந்தது. அவர் ஊரிலேயேதான் சுற்றிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் சாப்பாடு போடக் குனிந்தேன். அவர் வாயிலிருந்து சாராய வாடை முகத்தில் அடித்தது.

"குடிச்சிருக்கியா நீ?"

"கத்தாதமே. கொஞ்சூண்டு."

"எத்தினி நாளா?"

"மலை ஏறி எறங்கறவனுக்கு ஒடம்பு வலிக்கும்மே. பாய்க்குத் தெரிஞ்சா சாவிய புடுங்கிக்குவாரு. நீ கொட்டைய நல்லா கருக்கிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அன்றைக்கு அந்த வாணலியால் அவர் தலையிலேயே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாதை திறந்ததும் வந்த முதல் கொட்டையை, கண்ணில் தண்ணீர் வரும்வரை கருக்கிக் கொடுத்தேன். ஜீப் போனால் நான் மறுபடி வெறும் கூலிக்காரி. ஏற்றிப்போகும் ஆட்களைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தேனா என்று கேட்காதீர்கள். நினைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வறுவல். எனக்குப் பழுப்பு, அவருக்குக் கறுப்பு.

ஒருநாள் பாய் வீட்டுக்கே வந்தார். என் வீட்டுக்காரர் வண்டி கழுவப் போயிருந்த நேரம். பாய் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, மறைக்காம சொல்லு. அவன் குடிக்கிறானா?"

"அய்யோ, இல்லீங்க பாய்."

"ஜனம் ஏறுற வண்டிம்மா. குடிக்கிறான்னா சொல்லு. தொரத்த மாட்டேன். மண்டியில ஒக்கார வெச்சிக்கிறேன். நானே டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறேன்."

"அவருக்குக் காபி ஒண்ணுதாங்க பழக்கம். இருங்க, உங்களுக்கும் போட்டுத் தரேன்."

என் கையால் காபி போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். "நல்லா கீதும்மா" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்டதில் சூது எதுவும் இல்லை. எனக்குத்தான் அதில் சாவி மட்டும் தெரிந்தது.

அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் விடிந்தும் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார், இரண்டு முறை வாந்தி. "கண்ணு புகையா கீதுமே" என்றார். முந்தின நாள் மலையிலிருந்து இறங்கும்போது எங்கோ கள்ளச்சாராயம் வாங்கிக் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆட்டோ கூப்பிட்டேன். ஏறுவதற்கு முன்னால் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். உள்ளே ஓடிப்போய் டப்பாவிலிருந்து கறுத்த கொட்டையை ஒரு கைப்பிடி அள்ளிவந்து அவர் வாயில் திணித்தேன். "மெல்லு, நல்லா மெல்லு" என்றேன். ஆஸ்பத்திரியில் யாராவது மோந்து பார்த்துவிட்டு பாயிடம் சொல்லிவிட்டால்? அவர் முடியாமல் முடியாமல் மென்றார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணை விரித்துப் பார்த்தார். வாய்க்குப் பக்கத்தில் குனிந்தும் பார்த்தார்.

"சாராயம் ஏதாச்சும் குடிச்சாராம்மா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க."

"பயப்படாம சொல்லுங்க. அதுக்கு வைத்தியம் வேற."

"காபிதாங்க சார். வாசனை வருதில்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்தாரா, பார்க்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாரா, தெரியாது. வாய் திறந்து அவரும் சொல்லவில்லை.

மத்தியானம், ஜன்னல் வழியாக வெயில் கட்டில் முழுக்க விழுந்து கிடக்கும்போது, "லைட்ட போடுமே" என்றார்.

அப்போதுதான் நான் கத்தினேன். குடிச்சாருங்க, குடிச்சாருங்க என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். டாக்டர் ஓடிவந்தார். திட்டவில்லை. "காலைலயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வேன் தியாகதுருகம் தாண்டவில்லை.

பாய் மாலை போட்டுவிட்டு, எடுக்கும்வரை தெருமுனையிலேயே நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரையும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது எதுவும் இல்லை. ரைஸ் மில்லை இடித்துப் பிளாட் போட்டுவிட்டார்கள். பாய் போய்ச் சேர்ந்துவிட்டார், மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. ஜீப்பைக் காயலான் கடையில் பிரித்துப் போட்டதை நானே பார்த்தேன், ஸ்டீயரிங் தனியாகக் கிடந்தது. அந்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறாரோ. வெள்ளிமலைக்கு பஸ் போகிறது. நான் ஒருநாளும் ஏறியதில்லை.

பல வருஷம் கழித்து எங்கள் ஊரில் சாராயத்தால் கொத்தாகச் செத்தார்கள். சாவு விழாத தெருவிலும் டிவிக்காரர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் வாசலிலும் ஒரு பெண் வந்து நின்றாள். என் மகள் வயசுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால்.

"உங்க வீட்லயும் யாராவது குடிச்சு இறந்திருக்காங்களாம்மா?"

"இல்லீங்க" என்றேன். "எங்க வூட்டுக்காரரு டிரைவருங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.