வாய்க்கரிசி

பர்மா அரிசி நின்றுபோன சண்டைக் காலம். ஒதியம்பட்டில் எங்கு பார்த்தாலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைதான். பெரியவர்களுக்கு நான் நடத்திய பள்ளியில், எழுத்தோடு நம் பழைய சம்பா நெல்லையும் மீட்பது என்று முடிவு செய்தோம். அங்கே படித்த ஏழுமலை, கரியமாணிக்கம் என்ற ஊர் வரை நடந்து ஒரு பானை விதை வாங்கி வந்தார். சித்திரையில் வாந்திபேதியில் போய்விட்டார்.

வாய்க்கரிசி போட யார் வீட்டிலும் அரிசி இல்லை. நான் விதைப்பானையின் வாய்க்கட்டை அவிழ்த்தேன்.

அவர் மனைவி அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "அது வெதை நெல்லு வாத்தியாரே. கட்டி வைங்க."

மல்லாட்டையை உரித்து அவர் வாயில் போட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

தையில் அறுத்தோம். முதல் பிடியைக் குத்தி மடியில் கட்டிக்கொண்டு, பெண்கள் போகாத சுடுகாட்டுக்கு அஞ்சலை தனியாக நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று ஊரே புதுச்சோறு சாப்பிட்டது. எனக்கு ருசி தெரியவில்லை. இன்றைக்கும் முதல் கவளம் அப்படித்தான்.