என் வீட்டுக்காரரின் கெட்ட சம்மனசு

கடவுளை எதிர்த்து வானத்திலிருந்து தள்ளப்பட்ட சம்மனசை, அதாவது தேவதூதனைப் பற்றி என் வீட்டுக்காரர் காவியம் எழுதுகிறார். அவருக்குக் கண்ணில் புரை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் கைபேசியில் தட்ட வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுதான் அவருக்கு விருத்தம் வரும். திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வந்து வாசலில் நின்றாலும் நரகத்தைவிட்டு எழுந்து வர மாட்டார். என் உயிரை எடுக்கிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சம்மனசு யாரென்று எனக்குத் தெரியாதா? குருமடத்தில் சாமியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்த எங்கள் மகன்தான். நெற்றியில் விழும் முடி, முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசும் பேச்சு, எல்லாம் அவனுடையது. திரும்பி வந்த அன்றைக்கு அவன் முகத்துக்கு முன்னால் இவர் கதவைச் சாத்தினார். இப்போது அவன் குமுளிக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றி ஜீப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பைத் தெருக்கோடியில் நிறுத்தி, என் கையில் காய்கறிப் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். எல்லாம் இவருக்குத் தெரியாமல்தான்.

ஒன்பது படலம் முடிந்தும் சம்மனசு நரகத்திலேயே கிடந்தான். மாதா கோயில் திருவிழாவில் அரங்கேற்றம் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

"மன்னிப்பை எப்ப எழுதப் போறீக?" என்று கேட்டேன்.

"மொதல்ல அவன் வந்து கேக்கட்டும்."

"அவன்னா எவன்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டிவைத்த அத்தனையையும் மகனுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரே ஒரு விருத்தம் பதிலாக வந்தது. சின்ன வயதில் இவர்தான் அவனுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தவர். சம்மனசு கடவுளிடம் பேசுவதாக எழுதியிருந்தான். நான் போனது உண்மைதான், கதவைச் சாத்தியது யார், சாத்திவிட்டு உள்ளே உமக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்டிருந்தான்.

அதைச் சத்தமாகப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பத்தாம் படலத்துக்கு அதையே மொதப் பாட்டா போட்டுரு."

"நான் போட மாட்டேன். அவனையே கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து என்னால அல்லாட முடியாது."

 சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வர்றப்ப ஜீப்பை வாசல்ல நிப்பாட்டச் சொல்லு. வாரா வாரம் தெருக்கோடியிலயே நின்னுட்டுப் போறது நல்லாவா இருக்கு."